கருமணலும் நனோப் பொருளும்: வன்னிக் கரையின் ஒரு பொருள் வரலாறு

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குளங்களையும் காடுகளையும் வன்னிமைகளையும் பற்றியே எழுதியுள்ளனர். அது பொருத்தமானதே. நீரைத் தேக்கி நெல் விளைவித்த நிலம் அது. குளமின்றி அங்கே ஊரில்லை. ஆயினும் அந்நிலத்தின் மண்ணையும் அதில் அடங்கிய பொருள்களையும் வரலாற்றுக்குரியனவாகக் கொண்டு நோக்கியோர் சிலரே. முல்லைத்தீவுக்குத் தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என நீளும் கரையில் நடப்போர், வெளிறிய மணலுக்கிடையே மையைக் கொட்டினாற்போலக் கறுத்த மணற்பட்டைகளைக் காலடியிற் காண்பர். இன்று நனோப் பொருள்கள் எனப் பேசப்படுவனவற்றுள் அன்றாட வாழ்வில் மிகுதியாகப் பயன்படும் ஒன்றுக்கு மூலம் இத்தகைய கறுப்பு மணலே. அது எவ்வாறு அறியப்பட்டது, யாரால் அள்ளப்பட்டது, அது நனோப் பொருளாக மாறும் இடமாக வன்னி ஏன் அமையவில்லை என்பனவற்றை, நனோப் பொருள்கள் பற்றிய ஓர் அறிமுகத்தோடு சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நனோ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அளவையியலில் அது நூறு கோடியில் ஒரு பங்கைச் சுட்டும். ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றராம். மூன்று மில்லிமீற்றர் அகலமுடைய நெல்மணியின் குறுக்கே முப்பது இலட்சம் நனோமீற்றர் அடங்கும். தலைமயிரொன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். ஒரு பரிமாணத்திலேனும் 1 முதல் 100 நனோமீற்றர் வரையான அளவுடையவற்றை நனோப் பொருள்கள் என்பது இன்றைய வழக்கு.

சிறுமை ஒன்றே சிறப்பாயின் இதனைத் தனியே எடுத்து எழுத வேண்டியதில்லை. இவ்வளவுக்குச் சுருங்கும்போது பொருளின் நடத்தையே மாறிவிடுகிறது என்பதுதான் கவனத்துக்குரியது. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரமுகி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே ஒரு நனோமீற்றர் பக்கமுடைய சதுரமுகிகளாக வெட்டுவதாகக் கொண்டால், பொருளின் நிறை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் மேற்பரப்பு முழுவதையும் கூட்டினால் 6,000 சதுர மீற்றராகும். வன்னி வழக்கிற் சொல்வதாயின் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் வயல். விரல் நுனியில் நிற்கும் ஒரு துண்டுப் பொருளுக்குள் ஒன்றரை ஏக்கர் பரப்பு மறைந்திருக்கிறது. இரசாயனத் தாக்கங்கள் மேற்பரப்பிலேயே நிகழ்வன ஆதலின், பருமனான கட்டியாக இருக்கையிற் சோம்பிக் கிடக்கும் பொருள் நனோத் துகளாகும்போது விறுவிறுப்பாகத் தொழிற்படுகிறது. இரண்டாவது காரணம் ஒளியோடு தொடர்புடையது. மிகச் சிறிய இடத்துள் அடைபட்ட இலத்திரன்கள் ஒளியை ஏற்கும் முறை வேறாகும். பொன் மஞ்சள் நிறமானது என்பது யாவரும் அறிந்தது. நீரிற் பரந்த நனோ அளவுப் பொன்னோ மாணிக்கச் சிவப்பு. இதனை 1857இல் மைக்கேல் பரடே ஆராய்ந்து எழுதினார்.

பெயர் பின்னால் வந்தது. 1959 டிசம்பரில் அமெரிக்க இயற்பியலறிஞர் ரிச்சட் பைன்மன் அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பொருள் செய்யலாம் என்ற கருத்தை ஒரு சொற்பொழிவில் முன்வைத்தார். நனோத் தொழினுட்பம் என்ற தொடரை 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோறியோ தானிகூச்சி ஆண்டார். 1981இல் சூரிச் நகரில் பின்னிக், றோரர் என்னும் இருவர் அமைத்த நுணுக்குக்காட்டி அணுக்களின் வரிசையைக் கண்ணுக்குக் காட்டியது. அதற்கு ஐந்தாண்டுகளின் பின் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். காபனின் புதிய வடிவங்கள் 1985, 1991, 2004 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளிச்சத்துக்கு வந்தன. இவற்றை விரித்தல் எமது நோக்கமன்று.

பெயரறியாமலே மனிதர் நனோப் பொருளைக் கையாண்டு வந்துள்ளனர் என்பதை மட்டும் ஈண்டு சொல்லுதல் தகும். விளக்குச் சுடரின்மேல் ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்த புகைக்கரியைக் குழைத்துக் குழந்தைக்குப் பொட்டிட்ட தாய்மாரின் விரலில் இருந்தது சில பத்து நனோமீற்றர் அளவான காபன் துகள்களே. அதே இனமான கரியே லொறி ரயரைக் கறுப்பாக்குவதும் தேயாமற் காப்பதும் ஆகும். வன்னிக் குளங்களிற் பூக்கும் தாமரையின் இலையில் நீர் ஒட்டாமைக்குக் காரணம் அதன் மேலுள்ள மெழுகின் நுண்ணிய புடைப்புகள் என்பதை ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் 1997இல் விரிவாக விளக்கினர். ஒட்டாத உறவுக்குத் தாமரையிலைத் தண்ணீரை உவமை சொன்ன வழக்கு எம்மிடம் எவ்வளவு பழையது என்பதை வாசகர் அறிவர். உவமை கண்டோம், காரணம் தேடினோமல்லோம்.

பூநகரியின் ஓடுகள்

மண்ணின் வரலாற்றைத் தொடங்க வேண்டிய இடம் கடற்கரையன்று, பூநகரி. கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கே அமைந்த இப்பகுதியில் மேற்கொண்ட மேலாய்வுகளைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993இல் 'பூநகரி - தொல்பொருளாய்வு' என்னும் நூலாக வெளியிட்டார். தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டின் அடையாளமாகக் கொள்ளப்படும் கறுப்புச் சிவப்பு நிற மட்கல ஓடுகள் அங்குக் கிடைத்தமையை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. இக்கலங்களின் உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. ஒரே மண், ஒரே சூளை, இரு நிறம். கலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுடுகையில் வெளிப்புறத்துக்குக் காற்று கிடைக்கிறது. மண்ணிலுள்ள இரும்பு ஒட்சிசனோடு கூடிச் சிவக்கிறது. உட்புறத்திற் காற்றுப் புகவில்லை. அங்கே புகையின் காபன் படிந்து கறுக்கிறது.

இக்கறுப்புப் படையைப் பற்றி 2020இல் ஒரு செய்தி வெளிவந்தது. தமிழ்நாட்டின் கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.மு. ஆறாம் நூற்றாண்டளவுக்குக் கொண்டுசெல்லப்படும் மட்கல ஓடுகளின் உட்பூச்சை வேலூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்டோர் ஆராய்ந்து, அதிற் காபன் நனோக் குழாய்கள் உள்ளன என்று எழுதினர். அதற்குமுன் 2006இல் ஜேர்மனியின் திறெஸ்டன் நகர ஆய்வாளர், தமஸ்கு வாளொன்றின் உருக்கில் அத்தகைய குழாய்களைக் கண்டதாக அறிவித்திருந்தனர். அவ்வகை வாள்கள் தென்னிந்திய உருக்குக் கட்டிகளைக் கொண்டு வடிக்கப்பட்டவை எனக் கருதப்படுபவை. இச்செய்திகளைக் கேட்டவுடன் எம்முன்னோர் நனோத் தொழினுட்பம் அறிந்திருந்தனர் என மேடையில் முழங்குதல் எளிது. ஆய்வாளர்க்கு அது அழகன்று. கீழடியின் முடிவைப் பூநகரி ஓட்டுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதும் முறையன்று. குயவர் அறிந்தது நனோவையன்று. எந்த மண், எவ்வளவு சூடு, எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பவற்றை. அவ்வறிவு சிறிதன்று. மண்ணைப் பொருளாக மாற்றும் அந்த இடைத்தொழில் ஊருக்குள்ளேயே இருந்தது என்பதுதான் எமது ஆராய்ச்சிக்கு வேண்டியது. மண்ணும் சூளையும் கலமும் கலத்திற் சமைத்தோரும் ஒரே ஊரில் இருந்தனர். பிற்காலத்துக் கருமணலின் கதையில் இல்லாதது இதுவே.

கறுப்பு மணல்

கருமணல் கடலில் விளைந்ததன்று. நாட்டின் உட்பகுதியிலுள்ள மிகப் பழைய பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைய, ஆறுகள் அச்சிதைவைக் கடலுக்குக் கொண்டு வந்தன. கடல் அதனைப் புடைத்தது. சுளகிற் பதரும் மணியும் பிரிவதுபோல, இலேசான வெண்மணலை அலை இழுத்துச் செல்ல, பாரமான கறுப்பு மணிகள் கரையிலேயே தங்கின. வாடைக் காலத்துக் கொந்தளிப்பு இவ்வேலையை ஆண்டுதோறும் புதிதாகச் செய்கிறது. அள்ளிய இடத்திற் சிறிதளவு மீண்டும் சேர்வதற்கும் அதுவே காரணம்.

இம்மணலுட் பெரும்பங்கு இல்மனைற்று. அது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு தைத்தேனியமீரொட்சைட்டாகக் கணக்கிடப்படும். அதனோடு உரூத்தைல், சேர்க்கன், சிறிதளவு மொனசைற்று முதலியனவும் கலந்துள்ளன. கடற்கரைச் சிறுவர் காந்தத்தைக் காய்ந்த மணலில் இழுத்து 'இரும்புத்தூள்' சேர்த்த விளையாட்டு எம்மிற் பலருக்கு நினைவிருக்கும். அக்காந்தத்தில் முண்டியடித்து ஒட்டியது பெரும்பாலும் மகனற்றைற்று என்னும் இரும்புக் கனியமே. இல்மனைற்றைப் பிரிக்க அதைவிட வலிய காந்தம் வேண்டும். தொழிற்சாலையில் நடப்பது அந்த விளையாட்டின் பெரிய வடிவம்தான்.

தைத்தேனியம் முதன்முதல் அறியப்பட்டதும் ஒரு கறுப்பு மணலிலேயே. 1791இல் இங்கிலாந்தின் கோர்ண்வாலில் வில்லியம் கிறெகர் என்னும் பாதிரியார் ஓர் ஓடையின் கருமணலை ஆராய்ந்து அதிற் புதியதொரு மூலகம் உண்டெனக் கண்டார். 1795இல் ஜேர்மனியரான கிளப்புறோத்து அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதற்குப் பெரிய பயனில்லை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் இல்மனைற்றைச் சல்பூரிக்கமிலத்திற் கரைத்துத் தூய வெண்பொடி பெறும் முறை தொழிலாக உருவாகியது. அதுவரை சுவர்க்கும் கதவுக்கும் பூசிய வெள்ளை, ஈயத்திலிருந்து செய்யப்பட்ட நஞ்சு. கரியநிற மணலிலிருந்து உலகின் மிக வெண்மையான பொடி பிறந்ததும் கருமணற் கரைகள் யாவும் விலைபெற்றன.

தென்றிருவிதாங்கூரிற் கதை முந்தித் தொடங்கியது. 1909இல் ஷொம்பேர்க் என்னும் ஜேர்மனியர், தும்புக் கயிற்றோடு ஐரோப்பாவுக்குப் போன மணலில் மொனசைற்றைக் கண்டு, அது வந்த கரையைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்தார். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். 1946இல் திருவனந்தபுரத்தில் தைத்தேனியத் தொழிலுக்கெனவே ஒரு நிறுவனம் உருவாகியது. அங்கே மணல், பொடியாகவே நாட்டுக்குள் மாறியது. அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அத்தொழிற்சாலையின் அமிலக் கழிவு வேளிக் கடற்கரையைக் கெடுத்தது பற்றிய முறைப்பாடு பல்லாண்டு நீடித்தது. இலங்கையில் 1903இல் தொடங்கிய கனிய ஆய்வுக்கு முதற் பணிப்பாளராய் அமைந்தவர், கலை வரலாற்றாசிரியராகவே இன்று நினைக்கப்படும் ஆனந்த குமாரசுவாமி என்பதும், தோரியனைற்று என்னும் கனியத்தை 1904இல் அறிந்து சொன்னவர் அவரே என்பதும் எம் மாணவரிற் பலர் அறியாதவை.

கொக்கிளாய்க் கடனீரேரியின் தென்பாலுள்ள புல்மோட்டை, நிருவாக எல்லைப்படி திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கேதான் கருமணல் மிகச் செறிவாகக் கிடக்கிறது. கரைமணலின் கனியப் பங்கில் நூற்றுக்கு எழுபது வீதமளவு இல்மனைற்று. 1957இல் இலங்கைக் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு அகழ்வு தொடங்கியது. 1992இல் அது கம்பனியாக மாற்றப்பட்டது. கடலும் மணலும் மாவட்ட எல்லையை அறியா ஆதலின், அதே படிவு கடனீரேரி வாயைக் கடந்து முல்லைத்தீவுக் கரையிலும் நீள்கிறது. அள்ளுதல், கழுவுதல், காந்தத்தாலும் மின்னாலும் பிரித்தல், கப்பலேற்றுதல் என்பவற்றோடு தொழில் முடிந்தது. மணல் மணலாகவே போயிற்று. வெண்பொடியாக வேறு நாட்டில் மாறிப் பெயின்றாகவும் பற்பசையாகவும் பிளாத்திக்காகவும் திரும்பி வந்து அதே முல்லைத்தீவுக் கடைகளில் விலைபோயிற்று.

பரந்தனும் கொக்கிளாயும்

இவ்விடத்தில் ஒரு பொருத்தத்தைச் சுட்டாமல் மேற்செல்ல இயலாது. வெண்பொடியைப் பெற அமில முறை ஒன்றே வழியன்று. தைத்தேனியத்தைக் குளோரீனோடு சேர்த்து ஆவியாக்கி, பின் ஒட்சிசனில் எரித்துப் பொடியாக்கும் குளோரைட்டு முறை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவிற் பெருந்தொழிலாகியது. பயன்பட்ட குளோரீனை மீண்டும் பயன்படுத்தலாமாதலின் கழிவும் குறைவு. அதே 1950களில் வன்னியின் வடமுனையிலே, ஆனையிறவு உப்பை மூலமாகக் கொண்டு, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. உப்புநீரில் மின்னைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரீனையும் அது தந்தது. தாள் செய்வதற்கும் குடிநீரைத் தூய்தாக்குவதற்கும் அவை பயன்பட்டன.

நூறு கிலோமீற்றருக்குட்பட்ட தொலைவில் ஒருபுறம் தைத்தேனியம், மறுபுறம் குளோரீன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு நேர்வீதியும் இருந்தது. இரண்டையும் இணைப்பது எளிது என்று நாம் சொல்லவில்லை. குளோரைட்டு முறைக்கு இல்மனைற்றை அப்படியே இடமுடியாது. முதலில் இரும்பை நீக்கவேண்டும், அல்லது உரூத்தைலைப் பயன்படுத்தவேண்டும். உயர்வெப்பத்தைத் தாங்கும் உலை, தடையற்ற மின்வலு, பயிற்சி பெற்ற பொறியியலாளர், பெரும் மூலதனம் யாவும் வேண்டும். அம்முறையின் நுணுக்கங்களைச் சில கம்பனிகள் இரகசியமாகக் காத்து வந்தன என்பதும் உண்மை. ஆயினும் இரு கூட்டுத்தாபனங்களும் ஒரே அரசின் உடைமையாய், ஒரே பெருநிலத்தின் இரு முனைகளில், ஒன்றையொன்று அறியாதனபோல இயங்கின. கைத்தொழிலை வெவ்வேறு கூட்டுத்தாபனங்களாகப் பிரித்து ஆண்ட முறையின் குறை இது என்பது எமது கருத்து.

பின்னர் போர் வந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய கிராமங்களின் தமிழ் மக்கள் தம் இடங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் அக்கரைக்கு மீளவில்லை. பரந்தன் தொழிற்சாலை போர்ச்சூழலிற் செயலிழந்து இடிபாடாயிற்று. அதன் பெயர் தாங்கிய கம்பனி பின்னாளிற் குளோரீனை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்றது. 1997 செப்ரெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த கோடியாலிற்றி என்னும் கப்பல் தாக்கப்பட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மணல் ஏற்றுமதி நெடுநாள் தடைப்பட்டது. போர் 2009இல் முடிந்து மக்கள் மீண்டபின், கொக்கிளாய்க் கரையில் அகழ்வை விரிவாக்கும் முயற்சி காணிப் பிணக்காக உருவெடுத்தது. அம்மக்களின் எதிர்ப்பை வளர்ச்சிக்கு மாறான பிடிவாதம் எனக் கொள்ளுதல் தவறு. கரைவலை இழுப்போருக்குக் கரை வெறும் மணலன்று, தொழிற்களம். மணல் மணலாகவே கப்பலேறும்வரை அவர்களுக்கு அதிலிருந்து கிடைப்பது சிலருக்குக் கூலியும் யாவர்க்கும் குழியுமே. இரும்பு நீக்கும் ஆலையும் பொடிசெய்யும் ஆலையும் அவர்கள் பிள்ளைகள் வேலை செய்யும் ஆய்வுகூடமும் அங்கே இருந்திருப்பின் பேச்சின் போக்கு வேறாயிருக்கலாம்.

வெண்பொடியிலிருந்து நனோத் துகளுக்கு

இனி, அந்த வெண்பொடி எவ்வாறு நனோப் பொருளாகிறது என்பதை நோக்குவோம். பெயின்றில் இடப்படும் தைத்தேனியமீரொட்சைட்டுத் துகளின் அளவு 200 முதல் 300 நனோமீற்றர். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ அரைவாசி. அவ்வளவினதாகையால் ஒளியை எல்லாப் பக்கமும் வலிமையாகச் சிதறடிக்கிறது, ஆகவே வெண்மை. அதே பொருளை 50 நனோமீற்றருக்குக் கீழ்ப்படச் சிறிதாக்கினால் ஒளி அதனைக் கண்டுகொள்ளாமற் கடந்து செல்கிறது. வெள்ளை மறைந்து பொருள் ஒளிபுகவிடுவதாகிறது. ஆனால் கழியூதாக் கதிரை மட்டும் விடாது ஏற்றுக்கொள்கிறது. வெயிலுக்குப் பூசும் களிம்பு முகத்திற் சுண்ணாம்பாய்த் தெரியாமல் தோலைக் காப்பது இதனாலேயே.

1972இல் ஜப்பானிய அறிஞர் புஜிஷிமாவும் ஹொண்டாவும் ஒளிபட்ட தைத்தேனியமீரொட்சைட்டு நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்க உதவும் என எழுதினர். ஒளியில் ஊக்கியாய்த் தொழிற்படும் இக்குணம் அழுக்குத் தானே நீங்கும் கண்ணாடிக்கும் சுவர் ஓட்டுக்கும் வழி செய்தது. 1991இல் ஓறீகனும் கிரெட்செலும் அதன் நனோத் துகள்களைப் படையாகப் பரப்பி, சாயமூட்டி, சூரிய ஒளியை மின்னாக்கும் கலத்தைச் செய்தனர். முன்சொன்ன ஒன்றரை ஏக்கர்க் கணக்கை வாசகர் இங்கு நினைவு கூர்க. தட்டையான பரப்பிற் சாயம் மிகக் குறைவாகவே ஒட்டும். துகள்களின் உட்பரப்பில் அது பன்மடங்கு ஒட்டும். இக்கலத்திலுள்ள திரவத்தை நீக்கித் திண்மத்தாலேயே அமைக்கும் வழியைக் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்திற் பேராசிரியர் தென்னக்கோனும் உடனாய்வாளரும் 1995இல் காட்டினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக பௌதிகவியற்றுறையிலும் பேராசிரியர் பு. இரவிராஜன் முதலானோர் நனோத் தைத்தேனியமீரொட்சைட்டுக் கலங்களை ஆராய்ந்து வந்துள்ளனர்.

ஐயப்பாடுகளும் இல்லாமலில்லை. இத்தூளைச் சுவாசிப்பது புற்றுநோயைத் தரக்கூடுமென 2006இல் சருவதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவகம் வகைப்படுத்தியது. உணவுக்கு வெண்மையூட்ட இதனைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. மேற்பரப்பு பெருகினால் நன்மை பெருகுவதுபோலத் தீமையும் பெருகலாமன்றோ.

போத்தலில் வந்த நனோ

வன்னி உழவரிற் பலர் நனோ என்னும் சொல்லை முதன்முதற் கேட்டது பல்கலைக்கழகத்திலன்று, வயல் வரம்பிலாகும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. காலபோகம் தொடங்கும் வேளை யூரியாவின்றி உழவர் திண்டாடுகையில், அவ்வாண்டு ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நனோ யூரியா என்னும் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. அரை லீற்றர்ப் போத்தலொன்று 45 கிலோ யூரியா மூடையொன்றுக்கு நிகர் என்பது விளம்பரம். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பருவம் கடந்துகொண்டிருந்தது.

கணக்கைப் பார்ப்போம். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 வீதம். ஆகவே மூடையில் ஏறத்தாழ 20 கிலோ. அத்திரவத்தில் நூற்றுக்கு 4 வீதம். ஆகவே போத்தலில் 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. நனோத் துகள் இலையினூடாக நேரே புகும், வீணாவதில்லை என்று எவ்வளவு சொன்னாலும், பயிர் தன் உடலிற் கட்டவேண்டிய நைதரசன் எங்கிருந்தோ வந்தாகவேண்டும். சிறிதாக்குதல் பொருளின் வேகத்தை மாற்றும். இல்லாத பொருளை உண்டாக்காது. 2023இல் தென்மார்க்கு அறிஞர் இருவர் இக்குறையை மண்ணியல் ஆய்விதழொன்றில் எடுத்துக்காட்டினர்.

இதற்கு மாறான ஒரு முயற்சி இந்நாட்டிலேயே நடந்திருந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது. 2008இல் அரசும் தனியார் கம்பனிகளும் சேர்ந்து நிறுவிய இலங்கை நனோத் தொழினுட்ப நிறுவகம் பின்னர் ஹோமாகமவில் அமைந்தது. அதன் ஆய்வாளரும் உடனாய்வாளரும் 2017இல் வெளியிட்ட கட்டுரையொன்று, எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் கனியத்தின் நனோத் துகளோடு யூரியாவைப் பிணைத்து, அது நீரிற் கரைவதைப் பன்னிரு மடங்கு தாமதப்படுத்தலாம் எனவும், நெல் வயலில் அரைவாசி யூரியாவோடு விளைச்சலைப் பேணலாம் எனவும் காட்டியது. இங்கே எவரும் நைதரசனை மாயமாக்கவில்லை. மழையோடும் வடிகாலோடும் ஓடிவிடும் பங்கையே பிடித்து நிறுத்தினர். இரு பொருள்களும் நனோ என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. உழவர் கையிற் கிடைத்தது விமானத்தில் வந்ததே.

வன்னியின் இன்னொரு மூலப்பொருள் ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடக்கிறது. நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்களவு உமி. உமியை முறையாக எரித்த சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியிற் சேர்த்து வைத்தது. அதனை நனோத் துகளாகப் பெற்றுச் சீமெந்துக்கு வலுவூட்டவும் ரப்பரிற் கலக்கவும் நீரைத் தூய்தாக்கவும் பயன்படுத்தும் முறைகள் பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளன. இதற்குக் கடற்கரையைத் தோண்ட வேண்டியதில்லை. எவரையும் எழுப்பவும் வேண்டியதில்லை. கருமணலைவிட முதலிற் கைவைக்கத் தக்கது இதுவே என்பது எமது துணிபு.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன; வவுனியா வளாகம் 2021 ஓகத்தில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. புல்மோட்டை இல்மனைற்றிலிருந்து நனோத் தைத்தேனியமீரொட்சைட்டைப் பெறும் வழிகளை இலங்கை ஆய்வாளர் ஆய்விதழ்களில் வெளியிட்டுமுள்ளனர். ஆயினும் உலகின் பல ஆய்வுகூடங்கள் அளவுகோலாகக் கொள்ளும் பொடி, பி-25 என்னும் பெயருடன் ஜேர்மனியக் கம்பனியொன்று விற்பது. துகளளவு ஏறத்தாழ 21 நனோமீற்றர். சிறு புட்டிகளில் அடைத்து வரும் அதன் விலையையும், கொக்கிளாய்க் கரையில் ஒரு வாடைக்காலம் கொண்டுவந்து போடும் கருமணலின் விலையையும் அருகருகே எழுதிப் பார்க்கும் பணியை இத்துறைகளின் மாணவரொருவர் மேற்கொள்வாராயின், இக்கட்டுரை விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கலாம்.